மான்ஸ்டெரா: சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டாம்

வளர வளரப் பெரிய இலைகளில் ஓட்டை விழும் வீட்டுச் செடிதான் மான்ஸ்டெரா. அதற்குத் தண்ணீர் ஊற்ற மறப்பதையும் அதை இருட்டு மூலையில் வைப்பதையும் இங்கே விட்டுவிடலாம். அதெல்லாம் செடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அக்கறை என்று நினைத்துச் செய்யும் தவறுகள்தான் செடியைக் கொல்கின்றன.

பெரிய தொட்டி

6 அங்குல நர்சரிப் பையிலிருந்து பிரித்த செடியை நேராக 14 அங்குலத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். ‘அடிக்கடி மாற்ற வேண்டாமே’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். கூடவே தோட்டத்துச் செம்மண்ணை நிரப்பிக் கையால் அமுக்கியும் விடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் போவதில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

மான்ஸ்டெரா டெலிசியோசா, தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. சருகும் பட்டையும் மக்கிய பொலபொலப்பான இடத்தில் ஓடிப் பழகிய வேர் அதற்கு. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண்ணின் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லை. மேல்மண் காய்ந்திருக்கும், அடிமண் பத்து நாளானாலும் சொதசொதவென்று கிடக்கும். மண் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும்.

அழுகிய வேரால் நீரை ஏற்ற முடியாது. அதனால் இலை தொங்கும். தாகத்தால் தொங்குவதும் இதே மாதிரிதான் இருக்கும். உடனே இன்னொரு குவளை ஊற்றுவார்கள், அதோடு கதை முடிந்தது. இலை தொங்கினால் முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் கோளாறு வேரில்தான்.

அப்போது தயங்காமல் செடியைப் பெயர்த்து வேரைக் கழுவுங்கள். நல்ல வேர் விரலுக்கு விறைப்பாக இருக்கும். அழுகியதை இழுத்தால் மேல்தோல் கழன்று கையோடு வரும், உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும், நாற்றமும் அடிக்கும். அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, மிச்ச வேருக்குப் பொருந்தும் தொட்டியில், அது முன்பைவிடச் சின்னதானாலும் சரி, புதுக்கலவையில் நடுங்கள்.

கலவை கன அளவில்: கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) 2 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) 1, மண்புழு உரம் 1, உடைத்த அடுப்புக்கரி அரைப் பங்கு. கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேருங்கள். தொட்டி மாற்றும்போது பழையதைவிட 2 அங்குலம் அகலம் கூடினால் போதும்.

அடியில் சல்லி

‘தண்ணீர் வடியட்டும்’ என்று போடுகிறார்கள். நடப்பது வேறு. மேலே உள்ள நுண்ணிய கலவை முழுக்க ஊறித் தளும்பும்வரை நீர் கீழே உள்ள சல்லிக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் மட்டம்தான் வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறி வருகிறது. துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போட்டால் போதும், மண் கொட்டாது.

கணு இல்லாத துண்டு

இலையைக் காம்போடு மட்டும் வெட்டித் தண்ணீரில் வைத்தால் வேர்கூட வரலாம், தளிர் வராது. மொட்டு இருப்பது தண்டின் கணுவில்தான். கணுவுக்குக் கீழே ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். தண்டிலிருந்து வெளியே தொங்கும் வேரான விழுது ஒன்றும் சேர்ந்து வந்தால் சீக்கிரம் பிடிக்கும். காசு கொடுத்துத் துண்டு வாங்குகிறவர்கள், முக்கியமாக வெள்ளை படர்ந்த வகையை வாங்குகிறவர்கள், கணு தெரியும் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டை விழாத இலை

இளஞ்செடியில் அப்படித்தான் இருக்கும். வளர்ந்த செடியிலும் ஓட்டை வரவில்லையென்றால் உரத்தைக் கூட்டாதீர்கள். கிழக்கு ஜன்னல் பக்கம் நகர்த்தி, ஏற ஒரு பாசிக்கம்பு (பாசி சுற்றிய கம்பு) கொடுங்கள். மேற்கு ஜன்னலின் மதிய வெயில் மட்டும் ஆகாது. கருகிய திட்டு பழையபடி பச்சையாகாது.

விழுதுகள்

வெட்டாதீர்கள். கம்பின் பக்கம் திருப்பி விடுங்கள்.

இலைக்கு எண்ணெய்

வேண்டவே வேண்டாம். ஈரத்துணி போதும்.

வெறுங்கையால் வெட்டுவது

இது சேம்பு, கருணையின் குடும்பம். சாறு பட்டால் அதே அரிப்புதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தவழும் குழந்தைக்கும் இலை கடிக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் தொட்டியை வையுங்கள்.