நாலாம் வகுப்பில் 'ஷார்லட்ஸ் வெப்': தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலப் பாடப்புத்தகம் போக, ஒரு முழு நாவலையும் வகுப்பில் படிக்கும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு இ.பி. ஒயிட்டின் 'ஷார்லட்ஸ் வெப்'. 1952-இல் அமெரிக்காவில் வெளிவந்த புத்தகம். கறிக்காக வளர்க்கப்படும் வில்பர் என்ற பன்றிக்குட்டி, அதைக் காப்பாற்ற வலையில் வார்த்தை பின்னும் ஷார்லட் என்ற சிலந்தி, மொத்தம் 22 அத்தியாயம். படிக்கச் சுலபம். நடத்துவதுதான் கஷ்டம்.

ஜூன் மாதம் புதிதாகச் சேரும் டீச்சர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலைகளில் ஒன்று. நாங்கள் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்துகளை அவர்களும் அச்சுப் பிசகாமல் அடிக்கிறார்கள். அதனால்தான் இது. புத்தகத்தை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி வாசியுங்கள் என்பதெல்லாம் இதில் வராது. அதைக்கூடச் சொல்ல வேண்டியிருந்தால் பிரச்சினை வேறு.

படத்தை முதலில் போட்டுக் காட்டுவது

வேண்டாம். 1973-இல் வந்த கார்ட்டூனானாலும் சரி, 2006-இல் வந்த படமானாலும் சரி, கடைசி அத்தியாயத்துக்குப் பிறகுதான்.

முன்னுரைக்கு ஒரு பீரியட்

அமெரிக்க வரைபடம், மெய்ன் மாநிலம், ஆசிரியர் வாழ்க்கை வரலாறு, பண்ணைப் படங்கள் என்று ப்ரொஜெக்டரில் நாற்பது நிமிடம் ஓடும். மணி அடித்துவிடும், கதை தொடங்கியே இருக்காது.

இந்தக் கதை கோடரியோடு தொடங்குகிறது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா கோடரியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்று எட்டு வயதுப் பெண் அம்மாவிடம் கேட்கிறாள். நோஞ்சானாகப் பிறந்த வில்பரை வெட்டத்தான். இதைவிட நல்ல முன்னுரையை எந்த டீச்சராலும் தயாரிக்க முடியாது. ஒயிட்டே சிரமப்பட்டுத்தான் இந்தத் தொடக்கத்துக்கு வந்தார். முந்தைய வரைவுகளில் கதை தொழுவத்தில் தொடங்கியது, ஃபெர்ன் என்ற அந்தப் பெண் பிற்பாடுதான் உள்ளே வந்தாள். அவர் அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த வாசலை மறித்துக்கொண்டு நாம் வரைபடத்தோடு நிற்கக் கூடாது.

விளக்க வேண்டியதை அது வரும் இடத்தில் ஒரு வரியில் சொன்னால் போதும். 'கவுண்டி ஃபேர்' வரும்போது, நம் ஊர் மாட்டுச் சந்தையையும் பொருட்காட்சியையும் ஒரே மைதானத்தில் வைத்தால் எப்படியோ அப்படி என்றேன். ராட்டினம் இருக்குமா என்று ஒருவன் கேட்டான். இருக்கும் என்றேன். அதோடு முடிந்தது.

அருஞ்சொற்பொருள்

ஷார்லட் வில்பரை முதன்முதலில் ஒரு பெரிய வார்த்தை சொல்லி வரவேற்கிறாள். அவனுக்குப் புரியவில்லை, பதறிப்போய்த் திரும்பத் திரும்பக் கேட்கிறான், அவள் பொறுமையாக விளக்குகிறாள். புத்தகம் முழுக்க இப்படித்தான். கடினமான சொல் வந்தால் வில்பர் கேட்பான், ஷார்லட் சொல்வாள். அந்தச் சொல்லை நீங்கள் காலையிலேயே கரும்பலகையில் எழுதி அர்த்தமும் போட்டுவிட்டால், வகுப்பில் வில்பருக்கு மட்டும்தான் தெரியாது. பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவனோடு சேர்ந்து முழிக்க வேண்டியவர்கள் அவர்கள்.

வரிசையாகப் படிக்க வைப்பது

ஆளுக்கு ஒரு பத்தி. முதல் பெஞ்ச் படிக்கும்போது நாலாவது பெஞ்ச் தன் பத்தி எது என்று எண்ணிக்கொண்டிருக்கும். திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கதை யார் காதிலும் விழாது. நாவலை டீச்சர் படிக்க வேண்டும், பிள்ளைகள் கையில் புத்தகத்தோடு கேட்க வேண்டும். அவர்களைப் படிக்க வைக்கத்தான் பாடப்புத்தகம் இருக்கிறதே.

புத்தகத்தைக் கழுவித் துடைப்பது

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இது.

போன வருஷம் ஒரு இளம் டீச்சர். நல்ல குரல், பிள்ளைகளுக்கும் அவரைப் பிடிக்கும். ஐந்தாம் அத்தியாயம் படித்துக்கொண்டிருந்தார். ஷார்லட் வலையில் விழுந்த ஈயைச் சுற்றிக் கட்டும் இடம் வந்ததும், கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கத்தைத் திருப்பி அடுத்த இடத்துக்குத் தாவிவிட்டார். வரிக்கு வரி விரல் வைத்துத் தொடரும் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், ஒரு பக்கம் விட்டுட்டீங்க." "அது முக்கியமில்லடா கண்ணா, உட்காரு." அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் பாதி வகுப்பு அந்தப் பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தது. "ரத்தம் குடிக்கிறதெல்லாம் வருது மேம், சின்னப் பசங்க பயந்துட மாட்டாங்களா?" என்றார் டீச்சர். இட்லியும் கையுமாக அவர்கள் சத்தம் போட்டுப் படித்ததைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? தனக்குக் கிடைத்த முதல் தோழி ரத்தம் குடிப்பவள் என்று வில்பருக்குத் தெரியவருகிறது. அவனுக்கு ஆகவில்லை. ஷார்லட் மன்னிப்புக் கேட்பதில்லை. என் அம்மாவும் பாட்டியும் இப்படித்தான் பிழைத்தார்கள், உனக்கு வாளியில் சாப்பாடு வருகிறது, எனக்கு யார் கொண்டுவருகிறார்கள் என்று கேட்கிறாள். நாங்கள் தின்னாவிட்டால் பூச்சிகள் பெருகி உலகத்தையே அழித்துவிடும் என்கிறாள். இந்தச் சங்கடத்தைத் தாண்டித்தான் அவர்கள் நட்பு ஆரம்பிக்கிறது. அதை வெட்டினால் ஷார்லட் எட்டுக் கால் முளைத்த அன்பான அத்தையாகிவிடுகிறாள். சிலந்தி காணாமல் போய்விடுகிறது.

ஒரு இடத்தில் கை வைத்தவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. ஏழாம் அத்தியாயத்தில் கிழட்டு ஆடு வந்து, கிறிஸ்துமஸுக்கு வெட்டத்தான் உன்னைக் கொழுக்க வைக்கிறார்கள் என்று வில்பரிடம் போட்டு உடைக்கும். இதை, "அவனை வேற ஊருக்கு அனுப்பப் போறாங்களாம்" என்று மாற்றிச் சொன்ன டீச்சரும் உண்டு. அப்புறம் ஷார்லட் ராத்திரியெல்லாம் கண் விழித்து 'சம் பிக்', 'டெரிஃபிக்' என்று வலையில் எழுதுவது எதற்கு? அடுத்து எழுத 'க்ரஞ்சி' என்ற வார்த்தை வந்து சேரும்போது அவள் வேண்டவே வேண்டாம் என்பாள், மொறுமொறு பன்றிக்கறி, வில்பரை வளர்க்கும் பண்ணைக்காரர் ஸக்கர்மேனின் நினைவுக்கு வந்துவிடும் என்று. எந்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம் அது. வேற ஊருக்கு அனுப்பும் கதை கேட்ட வகுப்பு சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயமா இது? ஏழாம் அத்தியாயம் நான் படித்த ஒரு நாள், அதிகம் பேசாத பையன் ஒருவன் தானாக எழுந்து நின்றான். அவன் அப்பா ஊரில் குலதெய்வம் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா. லீவுக்குப் போகும்போதெல்லாம் இவன்தான் தழை ஒடித்துப் போடுவான், பேர்கூட வைத்திருந்தான். கிடா வெட்டுக்கும் போயிருந்தான். "கறி சாப்டியாடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "சாப்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். பிறகு ஒரு பெண் முதல் அத்தியாயத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ், ஃபெர்ன் அழுதுட்டு உள்ள வர்றப்ப அவங்க வீட்டுச் சமையக்கட்டுல பேக்கன் வாசனை வருது." ஆமாம், பன்றிக்கறி வாசனைதான் வருகிறது. வில்பருடன் பிறந்த பத்துக் குட்டிகளை ஃபெர்னின் அப்பா விற்றுவிடுகிறார் என்பதும் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அந்தப் பத்துக்காக யாரும் அழுவதில்லை. இதையெல்லாம் அவர்களாகக் கண்டுபிடித்தார்கள். கிடாவைப் பற்றி ஒருவன் பேச முடிந்ததால் கண்டுபிடித்தார்கள்.

ஒயிட் இதை மறைக்க நினைத்த ஆள் இல்லை. மெய்னில் பண்ணை வைத்திருந்தார், கறிக்காகப் பன்றி வளர்த்தார். அப்படி வளர்த்த ஒன்று நோயில் விழ, அதன் பக்கத்திலேயே கிடந்து வைத்தியம் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. வெட்ட வளர்த்த மிருகத்துக்காக இப்படித் தவித்ததை 1948-இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். நாவல் அதற்கு நாலு வருஷம் கழித்து வந்தது.

கழுவித் துடைப்பதில் உச்சம், 21-ஆம் அத்தியாயம். ஷார்லட் இறந்துபோகும் இடம். இங்கே மூன்று விதமான சமாளிப்பைப் பார்த்திருக்கிறேன். அந்த அத்தியாயத்தையும் அடுத்ததையும் ஒரே மூச்சில் படித்து, குட்டிச் சிலந்திகள் பிறப்பதைக் காட்டிக் கண்ணீரைத் துடைப்பது ஒன்று. 'நட்சத்திரமாகிவிட்டாள்' இன்னொன்று. மூன்றாவதுதான் மோசம்: நண்பனுக்காக உழைத்து உழைத்து உயிரையே கொடுத்தாள் என்று தியாகி பட்டம் கட்டுவது. அப்படிச் சொன்ன ஒரு வகுப்பின் ஒர்க்‌ஷீட்டுகளைப் புரட்டினேன். ஒரு பிள்ளை எழுதியிருந்தது, ஃபிரண்டுக்கு ரொம்ப உதவி செய்தால் நாம் செத்துவிடுவோம் என்று. டீச்சர் அதற்கு டிக் போட்டு, பக்கத்தில் ஸ்மைலியும் ஒட்டியிருந்தார்.

புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஷார்லட் தொழுவங்களில் வலை கட்டும் ஒரு நிஜமான சிலந்தி இனத்தைச் சேர்ந்தவள். அவளுடைய 'கவாட்டிகா' என்ற குடும்பப் பெயரே அந்த இனத்தின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது. ஒயிட் சிலந்திகளைப் பற்றித் தேடிப் படித்துவிட்டுத்தான் எழுதினார். அந்த இனத்துப் பெண் சிலந்தி குளிர்காலத்துக்கு முன் முட்டையிட்டுவிட்டு இறந்துவிடும், முட்டைப்பை குளிரைத் தாண்டி வசந்தத்தில் பொரியும். அவள் ஆயுள் அவ்வளவுதான். வில்பர் என்று ஒருவன் இல்லாவிட்டாலும் அந்த இலையுதிர் காலத்தில் அவள் இறந்திருப்பாள். இதைச் சொன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். ஆனால் ஐந்தாம் அத்தியாயத்திலேயே சிலந்தியைத் தொலைத்துவிட்ட டீச்சர், 21-இல் எதை வைத்து இதைச் சொல்வார்? தியாகம், நட்சத்திரம் என்று எங்கேயாவது ஓட வேண்டியதுதான்.

நான் செய்வது இது. 21-ஐ வாரத்தின் நடுவில், காலை முதல் பீரியடில் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் படித்து, பிள்ளைகளை அப்படியே ஸ்கூல் வேனில் ஏற்றி அனுப்பக் கூடாது. அவள் இறக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லை என்று அத்தியாயம் முடியும். அந்த வரியோடு நிறுத்திப் புத்தகத்தை மூடிவிடுகிறேன். கேள்வி கேட்பதில்லை. சிலர் அழுவார்கள், சிலர் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள், ஒருவன் கட்டாயம் "அவ்ளோதானா?" என்பான். நாளைக்கு இன்னொரு அத்தியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். மறுநாள் முட்டைகள் பொரியும், குட்டிகள் நூல் விட்டுக் காற்றில் பறந்துபோகும், மூன்றே மூன்று தங்கும். மற்றவர்களும் இருந்திருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

சமீபத்தில் வீட்டில் சாவைப் பார்த்த பிள்ளை வகுப்பில் இருந்தால் மட்டும் கதை வேறு. முதல் நாளே வீட்டாரிடம் பேசிவிடுங்கள், படிக்கும்போது அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள். அதற்காகவும் பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை.

"கதையின் நீதி என்ன?"

கேட்காதீர்கள்.

"சீ, பன்னி!"

எல்லா வகுப்பிலும் வரும். தெருவில் சாக்கடை ஓரம் பார்த்த மிருகம்தானே அவர்களுக்குத் தெரியும். திட்டாமல் படித்துக்கொண்டே போங்கள், மூன்றாம் அத்தியாயத்துக்குள் அடங்கிவிடும். மத நம்பிக்கை காரணமாகப் பன்றி என்றாலே தள்ளிப்போகும் வீடுகள் இருக்கும். அவர்களிடம் கதையைப் பற்றி முன்னாடியே நேரில் பேசிவிடுவது மரியாதை. வாட்ஸாப் குழுவில் வேண்டாம்.

ஃபெர்னுக்கு வக்காலத்து

கண்காட்சியில் வில்பருக்குப் பரிசு கொடுக்கும் நேரத்தில் ஃபெர்ன், ஹென்றி ஃபஸ்ஸி என்ற பையனோடு ராட்டினம் ஏறப் போய்விடுகிறாள். பிள்ளைகளுக்கு அவள் மேல் பயங்கரக் கோபம் வரும். உடனே டீச்சர் குறுக்கே புகுந்து, அவள் வளர்ந்துவிட்டாள் என்று நியாயம் சொல்லத் தேவையில்லை. விட்டால் யாராவது ஒரு பிள்ளையே சொல்லும். எங்கள் வகுப்பில் ஒருத்தி சொன்னாள்: "எங்கக்காவும் இப்ப இப்படித்தான் மிஸ்."

தேர்வு

ஷார்லட் எத்தனை முட்டை இட்டாள்? 514. கோடிட்ட இடத்தை நிரப்பவும், பொருத்துக, யார் யாரிடம் கூறியது என்று ஒரு தாள் தயாரிக்க அரை மணி நேரம்கூட ஆகாது, திருத்துவதும் சுலபம். கைடு வாங்கிப் படித்த பிள்ளையும் முழு மார்க் வாங்கும்.

நான் எலியைப் பற்றிக் கேட்கிறேன். டெம்பிள்டனை எல்லா டீச்சரும் வில்லனாக்கிவிடுகிறார்கள். ஆனால் குப்பை மேட்டிலிருந்து வார்த்தைகளைப் பொறுக்கி வருவது அவன்தான், முட்டைப்பையை உயரத்திலிருந்து பத்திரமாகக் கீழே இறக்கி வருவதும் அவன்தான். எதையும் சும்மா செய்ய மாட்டான். முட்டைப்பைக்கு அவன் வாங்கிய கூலி, இனி தொட்டியில் வில்பருக்கு முன் அவன்தான் சாப்பிடுவான் என்பது. இது நியாயமான கூலியா என்பதுதான் என் கேள்வி. அநியாயம் என்று பாதிப் பேர் ஒரு பக்கத்துக்கு எழுதுவார்கள். வேலைக்குக் கூலி கேட்பது தப்பா என்று மீதிப் பேர் எழுதுவார்கள். வில்பர் வாய் வார்த்தையாகத்தானே சொன்னான், டெம்பிள்டன் எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். திருத்த இரண்டு ராத்திரி கூடுதலாக ஆகும், அதற்குத் தயாராக இருங்கள்.