தலை சாயாத துணிப்பொம்மை

அக்கா மகளுக்காகக் காடாத் துணியில் கையாலேயே தைத்த பொம்மை அழகாகத்தான் வந்தது. ஆனால் உட்கார வைத்தால் தலை மட்டும் தோளில் சாய்ந்துவிடும். கழுத்தில் ரிப்பன் கட்டிப் பார்த்தேன், பயனில்லை.

முதுகுத் தையலைப் பிரித்ததும் காரணம் தெரிந்தது. தலையும் உடம்பும் கெட்டியாக இருந்தன. நடுவே கழுத்தில் பஞ்சே இல்லை. குறுகலான இடத்துக்குள் பெரிய உருண்டை போகாது. மேலே ஒரு கட்டி, கீழே ஒரு கட்டி என்று பஞ்சு நின்றுவிட, இடைவெளியில் துணி மடிகிறது.

பஞ்சை எல்லாம் வெளியே எடுத்து, துணியை உள்பக்கமாகத் திருப்பினேன். கழுத்து வளைவில், தையலைத் தொடாமல் 2 மி.மீ. விட்டுச் சிறு வெட்டுகள் கொடுத்ததும் சுருக்கம் போய்விட்டது. மறுபடி திருப்பி, தலையை நிரப்பிய பிறகு, பென்சிலின் மழுங்கிய முனையால் துளித்துளியாகக் கழுத்தில் பஞ்சைத் திணித்தேன். அழுத்தினால் குழி விழக்கூடாது. அதே பஞ்சு விட்டுப்போகாமல் மார்பு வரை இறங்க வேண்டும். தலையைத் தாங்குவது அதுதான். உள்ளே குச்சி வைக்கலாம் என்பார்கள். குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மைக்கு அது வேண்டவே வேண்டாம். கண்ணுக்கும் பொத்தான் வைக்காமல் கறுப்பு நூலால் எம்பிராய்டரி போட்டேன். பொத்தான் பிய்ந்தால் சின்னக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

திறப்பை இரட்டை நூலில் மறைதையல் போட்டு மூடினேன். தலை நிமிர்ந்து நிற்கிறது. அடிக்கடி துவைக்க வேண்டியிருப்பதால் இலவம் பஞ்சுக்குப் பதில் பாலியஸ்டர் பஞ்சையே வைத்தேன், சீக்கிரம் காய்கிறது.