கம்போசிட் அடைப்பு: வடிவம் கொடுக்கும் கருவிகளைக் கையாளும் முறை

கம்போசிட் (பல் நிறப் பிசின் கலவை) அடைப்பின் வடிவத்தை லைட் க்யூர் (ஒளி காட்டி இறுகவைத்தல்) செய்வதற்கு முன்பே கொண்டுவந்துவிட வேண்டும். இறுகிய பிறகு பர் (சுழலும் வெட்டுமுனை) வைத்துச் செதுக்கினால் பக்கத்து எனாமலும் சேர்ந்து தேயும். கடைவாய்ப் பல்லுக்கு நான்கு முனைகள் போதும்: தட்டையான அலகு, அமுக்கி நிரப்பத் தட்டை அடியுள்ள கண்டென்சர், தேய்த்து வழவழப்பாக்கச் சிறிய உருண்டை பர்னிஷர், பள்ளம் கீற ஒரு கூம்பு முனை. பெரிய செட் வாங்கினாலும் கை போவது இவற்றுக்குத்தான்.

கண்டென்சர் முனை குழியைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். சுவரில் இடித்தால் அடியில் காற்று தங்கும். ஒரு அடுக்கு 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பல்க் ஃபில் (தடித்த அடுக்காக நிரப்பும்) வகையானால் தயாரிப்பாளர் சொல்லும் அளவு, பெரும்பாலும் 4 மி.மீ.

பக்கச்சுவரும் சேர்ந்து போன குழியில் முதலில் அந்தச் சுவரை மேட்ரிக்ஸ் பேண்டை (பல்லைச் சுற்றி மாட்டும் மெல்லிய பட்டை) ஒட்டி எழுப்புங்கள். அதன் உயரம் பக்கத்துப் பல்லின் விளிம்போடு சமமாக இருக்கட்டும். க்யூர் செய்யுமுன் எக்ஸ்ப்ளோரர் (பல்லைத் தொட்டுப் பார்க்கும் கூர்முனைக் கருவி) நுனியைச் சாய்த்துப் பிடித்து, பேண்டின் உட்புறத்தை ஒட்டி ஒருமுறை ஓட்டினால் விளிம்பு வளைந்து வரும். இதை விட்டால் கூரான மேடு நின்று, கடிக்கும்போது உடையும்.

பிறகு கஸ்ப் (கடைவாய்ப் பல்லின் மேல்மேடு) கஸ்பாகக் கட்டுங்கள். மிஞ்சியிருக்கும் எனாமல் சரிவின் மேல் அலகைச் சாய்த்து வைத்தால், சரிவு எங்கே போக வேண்டும் என்று பல்லே காட்டிவிடும். கம்போசிட்டிலிருந்து பல்லை நோக்கித் தடவுங்கள். திருப்பித் தடவினால் ஓரம் பெயர்ந்து மெல்லிய இடைவெளி விழும், பின்னாளில் அங்கேதான் பழுப்புக் கோடு தெரியும். பள்ளங்களை ஆழமாகக் கீற வேண்டாம். அழகாகத் தெரியும், ஆனால் உணவு தங்கும், அந்த இடத்தில் அடைப்பும் மெலியும்.

எல்லோரையும் வாட்டுவது ஒட்டல். கருவியை எடுக்கும்போது கம்போசிட்டும் கூடவே எழுந்து வந்தால் மேலே அமுக்கி மூடாதீர்கள். அடியில் வெற்றிடம் அப்படியே நிற்கும். காரணம் பெரும்பாலும் முனையில்தான்: முந்தைய அடுக்கின் பிசுக்கு, பாண்டிங் (கம்போசிட்டைப் பல்லில் ஒட்டவைக்கும் திரவம்) ஈரம், அல்லது கீறல். ஆல்கஹால் நனைத்த காஸ் துணியில் துடைத்து, உலர்ந்த பின் தொடுங்கள். இழுக்காமல் தட்டித் தட்டி அமர்த்துங்கள். பாண்டிங் திரவத்தில் முனையை நனைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதன் கரைப்பான் கம்போசிட்டில் கலந்து மேற்பரப்பை வலுவிழக்கச் செய்யும். தேவையென்றால் அதற்கென்றே வரும் வெட்டிங் ரெசினை முனையில் பூசித் துடைத்துவிட்டு வேலை செய்யலாம். டைட்டானியம் நைட்ரைடு பூச்சு ஒட்டலைக் குறைக்கும், ஆனால் பூச்சு கீறிய கருவி சாதா எஃகைவிட மோசம். இறுகிய கம்போசிட்டைக் கத்தியால் சுரண்டி எடுப்பதால்தான் அது கீறுகிறது. ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள்.

கலவை திடீரென்று கெட்டிப்பட்டு இழைய மறுத்தால் தலைக்கு மேலுள்ள விளக்கைப் பாருங்கள். அதன் ஒளியும் கம்போசிட்டை மெல்ல இறுகவைக்கும். விளக்கைத் தள்ளி வையுங்கள், அல்லது ஆரஞ்சு ஃபில்டர் போடுங்கள்.

அமால்கம் (பாதரசம் கலந்த உலோக அடைப்பு) வேறு கதை. அங்கே கண்டென்சரால் அழுத்தமாகவே குத்த வேண்டும். முனை சிறிதானால் அதே கைபலத்துக்கு அழுத்தம் கூடும். சற்று மிஞ்ச நிரப்பி, பெரிய பர்னிஷரால் தேய்த்த பின் ஹாலன்பேக் கார்வரை (செதுக்கும் அலகுக் கருவி) எடுங்கள். அலகின் பாதி எப்போதும் எனாமலில் ஊன்றியிருக்க வேண்டும், இல்லையேல் ஓரம் பள்ளமாகும்.

ரப்பர் டாம் (எச்சில் படாமல் பல்லைப் பிரிக்கும் ரப்பர் விரிப்பு) எடுத்த பின் ஆர்டிகுலேட்டிங் பேப்பரை (கடித்த இடத்தில் மை படியும் தாள்) கடிக்கச் சொல்லுங்கள். அழுத்தமான புள்ளி விழுந்த இடத்தை மட்டும் 12 வெட்டு விளிம்புள்ள கார்பைடு பர்ரால் தொட்டு எடுங்கள். பல்லிடுக்கில் பிதுங்கிய மிச்சத்துக்கு 12ஆம் எண் ஸ்கால்பெல் பிளேடு, அதுவும் ஈறிலிருந்து விலக்கி, பல்லின் கடிக்கும் பக்கம் நோக்கி.