கப்பல்ல திருகோணமலைக்கு வாறீங்களா? தை மாசக் கடலுக்க ஸ்நோர்கல் போட்டு இறங்க முதல்

டிசம்பர் தொடங்கினாலே வெளிநாட்டில இருக்கிற எங்கட சொந்தக்காரர் கேக்கிற கேள்வி இதுதான், திருகோணமலைக் கடல் இப்ப குளிருமா, ஸ்நோர்கல் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் போட்டு மேல மிதந்துகொண்டு கடலுக்க பாக்கிறது) செய்யலாமா எண்டு. சுற்றுலாக் கப்பல்ல வாற ஆக்களுக்கு ஊரில ஒரே ஒரு பகல்தான் கிடைக்கும், அதிலயும் கப்பல்கள் கூடுதலா வாறது நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில, அதாவது எங்கட மழை காலத்தோட சேத்து. அந்த ஒரு பகல் வீணாப் போகக் கூடாது எண்டுதான் இதை எழுதுறன்.

முதல் டிகிரிக் கணக்கைப் பாப்பம். தை மாசம்தான் எங்கட கடல் ஆகக் குளிர்ந்து கிடக்கிற நேரம், அப்பயும் மேல்தண்ணி 26, 27 டிகிரி இருக்கும். பங்குனியில 28 ஆகும், சித்திரை வைகாசியில 29, 30 எண்டு வெதுவெதுப்பா வந்திடும். நீச்சல் போட்டி நடத்திற தடாகத்தில தண்ணிய 25க்கும் 28க்கும் இடையிலதான் வைக்கிறவை, அதோட ஒப்பிட்டா தை மாசக் கடலும் குளிர் எண்டு சொல்லேலாது. கால் வைச்ச உடன சில்லெண்டு இருக்கும், ரெண்டு நிமிஷத்தில பழகிடும்.

ஆனா நீச்சல்காரன் கை கால் அடிச்சுக்கொண்டே இருப்பான், ஸ்நோர்கல் போட்ட ஆள் கவுண்டு படுத்து மீனைப் பாத்துக்கொண்டு அசையாமக் கிடப்பார். உடம்புச் சூடு 37, தண்ணி 27, இந்த 10 டிகிரி வித்தியாசம் நேரம் போகப் போகத்தான் தெரியும். காத்தை விட தண்ணி கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா சூட்டை இழுத்தெடுக்கும். அதால தை மாசத்தில ஒரு தரம் இறங்கினா அரை மணித்தியாலம், கூடினா முக்கால் மணித்தியாலம், பிறகு ஏறி வெயில்ல காஞ்சிட்டுத்தான் திரும்ப இறங்கோணும். சின்னப் பிள்ளையளுக்கு 20 நிமிஷம் போதும், மெலிஞ்ச உடம்பு கெதியா விறைக்கும், விளையாட்டு ருசியில குளிருது எண்டு வாயே திறக்காதுகள், நீங்கதான் உதடு நீலமாகுதா எண்டு பாத்துக்கொண்டிருக்கோணும்.

குளிர் கூடுதலாப் பிடிக்கிறது தண்ணிக்குள்ள இல்ல, ஏறின பிறகுதான். இதை நான் எத்தினை பேருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டினம். கனடாவில இருந்து வந்த அக்காட மகன், பனியில வளர்ந்த பெடியன், தண்ணிக்க ஒரு மணித்தியாலம் சிரிச்சுக்கொண்டு நிண்டவன், போட்டில ஏறி வாடைக்காத்து ஈர உடுப்பில அடிக்கத் தொடங்கினதும் பல்லு கிட்டி நடுங்கினவன், கரைக்கு வந்து பிளேன்டீ குடிச்ச பிறகும் நடுக்கம் நிக்கேல்ல. ஆக்கள் இந்தத் தண்ணிக்கு ரப்பர் சூட் வேணுமா எண்டுதான் கேப்பினம். 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் கட்டைச் சூட் இருந்தா கொண்டு வாங்கோ நல்லம், இல்லாட்டி முழுக்கை லைக்ரா பெனியன் காணும், அது வெயிலுக்கும் சொறி முட்டைக்கும் (ஜெலிமீன்) காவல். ஆனா அதை விட முக்கியம் ஈரம் படாம பொலித்தீன் பையில கட்டி வைச்ச ஒரு காத்து புகாத ஜாக்கெட்டும் பெரிய துவாயும். ஒரு பிளாஸ்க்கில சுடச்சுட மல்லித்தண்ணி. சாராயம் பியர் ஒண்டும் வேண்டாம், சூடு மாதிரிக் காட்டி உள்ள இருக்கிற சூட்டை வெளியில விட்டிடும்.

இனி கடலைப் பத்தி. கப்பல் கட்டுறது உள்துறைமுகத்தில. மூண்டு பக்கமும் மலையும் தரையுமா அடைச்ச இடம், வெளியில புயல் அடிச்சாலும் அங்க குளத்துத் தண்ணி மாதிரித்தான் கிடக்கும். மேல்தட்டில நிண்டு பாக்கிற ஆக்கள் ஆஹா கடல் நல்லா இருக்கு எண்டு நினைச்சு நேர நிலாவெளிக்கு ஓட்டோ பிடிப்பினம், அங்க போய்ப் பாத்தா நுரை அடிச்சுக்கொண்டு கரை தெரியாது. நிலாவெளி வங்காள விரிகுடாவுக்கு நேர முகம் குடுத்த கரை, வாடை நேர அங்கதான் வந்து மோதும். அதால இறங்கின உடன முதல் கோணேசர் கோயிலுக்குப் போங்கோ. கும்பிட்டிட்டு மலை விளிம்பில நிண்டு வெளிக்கடலைப் பாருங்கோ. தூரத்தில வெள்ளை வெள்ளையா நுரை தெரிஞ்சா புறாமலைய அண்டைக்கு மறந்திடலாம்.

புறாமலை எண்டுறது நிலாவெளிக் கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் அளவில கிடக்கிற புறாத்தீவு, 2003இல தேசிய பூங்காவாக்கினது. மாடப்புறா கூடு கட்டுறதால வந்த பேர். செட்டை நுனி கறுப்பா உள்ள சின்னச் சுறாக்கள், ஆமை, முருகைக்கல் (பவளப்பாறை), எல்லாம் முழங்கால் தண்ணி தாண்டினதுமே பாக்கலாம், ஆனா அதுக்கு உரிய காலம் சித்திரை வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும். மார்கழி தையில போட்காரர் ஏலாது எண்டு சொன்னா ஏலாதுதான். கூடக் காசு தாறம் எண்டு கெஞ்சாதேங்கோ, பிளீஸ். அந்தக் கடலை தினம் பாக்கிற மனுசன் அவர், உங்கட ஒரு நாளுக்காக அவரையும் ஆபத்தில மாட்டி விடக் கூடாது. மாசி கடைசி, பங்குனியில கடல் இறங்கினா போகலாம், காலமை வெள்ளெனப் போங்கோ, மத்தியானத்துக்குப் பிறகு கடல்காத்து ஏறும்.

மழை பெஞ்சு ரெண்டு மூண்டு நாளைக்கு எங்கயும் கலங்கல்தான். மகாவலி கொட்டியாரக் குடாவுக்க கொண்டு வந்து கொட்டுற சேத்துத் தண்ணியால கடல் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திடும். நல்ல தண்ணி உப்புத் தண்ணிய விட பாரம் குறைவு, அதால அது மேல மிதக்கும், நீங்க படுத்துக் கிடக்கிற அந்த மேல் ஒரு முழத்தில சில்லெண்டு இருந்து கீழ கை விட்டா வெதுவெதுப்பா இருக்கிறது அதாலதான். ரெண்டு தண்ணியும் கலக்கிற இடத்தில சீனிப்பாகு கரையிற மாதிரி கண்ணுக்கு முன்னால நெளியும், மாஸ்க் பழுதாப் போச்சு எண்டு பயப்படாதேங்கோ.

அப்ப தையில வாறவை என்ன செய்யிறது? குடாவுக்க உள்ள ஒதுக்குக் கரைக்குப் போங்கோ. சீனன்குடாப் பக்கம் விமானப்படை நடத்திற மார்பிள் பீச் எனக்குப் பிடிச்ச இடம், வாடை நேர அடிக்காது, அலை குறைவு, பிள்ளையளோட பயமில்லாம இறங்கலாம். புறாமலை மாதிரி முருகைக்கல்லை அங்க எதிர்பாக்காதேங்கோ, பாறை ஓரமா மெல்லமாப் போனா சின்னச் சின்ன மீன் பாக்கலாம். இறங்கின உடன கையை நீட்டிப் பாருங்கோ, விரல் தெளிவாத் தெரியாட்டி அண்டைக்குப் பாக்க ஒண்டும் இல்ல, சும்மா நீந்திட்டு ஏறுங்கோ.

எங்க இறங்கினாலும் முருகைக்கல்லில மட்டும் கால் ஊண்டாதேங்கோ. அது கல் இல்ல, உயிர். தண்ணி 30 தாண்டி வாரக்கணக்கா சூடா நிண்டா அது வெளிறிச் சாகத் தொடங்கும், எங்களுக்குக் கொஞ்சம் குளிருற இந்த மாசம்தான் அதுக்கு மூச்சு விடுற நேரம். செத்துக் கரை ஒதுங்கின துண்டையும் பையில போடாதேங்கோ.

நடுங்கத் தொடங்கினா இன்னும் அஞ்சு நிமிஷம் எண்டு நிக்காம ஏறி, ஈரத்தைக் கழட்டி, தலையைத் துடைச்சு, ஜாக்கெட்டைப் போடுங்கோ. கப்பலுக்கு நேரம் இருந்தா போற வழியில கன்னியாவுக்கு விடச் சொல்லுங்கோ. அங்க ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, வாளியால அள்ளித் தோளில ஊத்தினா கடலில பிடிச்ச விறைப்பு அப்பிடியே இறங்கும். மாத்து உடுப்பு ஒண்டு கூடக் கொண்டு போங்கோ, கப்பல் கதவு சாத்திறதுக்கு ஒண்டரை மணித்தியாலம் முதலே துறைமுக வாசலுக்கு வந்திடோணும்.