சமையல் போட்டி மேடையில் இரு பெண்களின் காதல்: மலையகத்திலிருந்து ஒரு நாவல் எழுதுவது எப்படி?

தொலைக்காட்சிச் சமையல் போட்டியைக் காதல் நாவலின் களமாக எடுத்துக்கொண்டால், கதைக்கான வேலையில் பாதியைப் போட்டியின் விதிகளே செய்து தந்துவிடும். அறிமுகமில்லாதவர்கள் ஒரே விடுதியில் தங்குகிறார்கள். கைத்தொலைபேசி பெரும்பாலான நேரம் கையில் இருப்பதில்லை. ஒவ்வொருவராக வெளியேற வெளியேற, எஞ்சியவர்களின் நெருக்கம் கூடுகிறது. எடுத்துக்காட்டுக்காக, இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வரும் அமுதா, கிழக்குக் கரையோர மட்டக்களப்பிலிருந்து வரும் நிரோஷா என்று இருவரை வைத்துக்கொள்வோம்.

முதலில் படப்பிடிப்புத் தளம் இயங்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டியாளரின் உடையில் ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருக்கும். சமைத்த உணவு நடுவர்களின் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும் என்பதால், பல நிகழ்ச்சிகளில் நடுவர்கள் அடுப்பருகே வந்து, சமைக்கும்போதே சுவைத்துப் பார்த்துவிடுகிறார்கள். இடையிடையே வரும் தனி நேர்காணல்கள் பெரும்பாலும் பின்னர் எடுக்கப்படுபவை: அதே உடையை மறுபடி அணிந்து, முடிந்துபோனதை இப்போது நடப்பதுபோலச் சொல்லுமாறு கேட்பார்கள். காதல் கதை எழுதுபவருக்கு இது பெரிய வாய்ப்பு. நிரோஷாவின் பருப்புக்கறி அடிபிடித்த கணத்தில் தன் மனத்தில் என்ன ஓடியது என்று அமுதாவிடம் மறுநாள் கேட்கிறார்கள். உண்மையான பதிலை அவள் சொல்ல முடியாது. சொல்லும் பொய்யையோ வாசகர் முழுமையாகப் புரிந்துகொள்கிறார். இத்தகைய நேர்காணல் ஒன்றையாவது நாவலின் நடுப்பகுதியில் முழு அத்தியாயமாக விரித்து எழுதுங்கள்.

நாவலின் ஆதாரமான முரணை இந்த ஒலிவாங்கியிலிருந்தே எடுக்கலாம். ஒரு காம்பராவில் (ஒற்றை அறை வீட்டில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்தவள் அமுதா. எதைக் குரலில் சொல்வது, எதைக் கண்ணால் சொல்வது, எதை இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) பாத்திரம் கழுவும் சத்தத்துக்குள் ஒளித்துச் சொல்வது என்பது அவளுக்குச் சிறுவயதிலேயே பழகிவிட்டது. தனியறை உள்ள வீட்டில் வளர்ந்த நிரோஷாவுக்கு அந்தப் பழக்கமில்லை. ஆகவே தோட்டத்துப் பெண்ணை மிரண்டு நிற்பவளாகவும் நகரத்துப் பெண்ணை அவளுக்கு வழிகாட்டுபவளாகவும் எழுதும் வழக்கத்தை இங்கே தலைகீழாக்கலாம்: கண்காணிக்கப்படும் இடத்தில் எப்படி நேசிப்பது என்பதை அமுதாதான் கற்றுத்தருகிறாள். மசாலா அரைக்கும் சத்தத்தில் ஒரு வாக்கியம், கேட்காமலே நீட்டப்படும் உப்புக் கிண்ணம், ஒருநாள் சொல்லாமல் விடப்படும் ஓர் ‘அக்கா’ ஆகியவை போதும். முத்தக் காட்சிக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

சமையலை வெறும் அலங்காரமாக வைக்காதீர்கள். கதை அதனால் திரும்ப வேண்டும். மலையகத்தின் உயரமே இதற்கு உதவும். கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அந்தச் சூடு குறைந்த கொதிநீரில் பருப்பும் உருளைக்கிழங்கும் வேக அதிக நேரம் எடுக்கும். தலவாக்கலை அவ்வளவு உயரமில்லை என்றாலும், அங்கே கைப்பழக்கத்தால் நேரம் கணிக்கும் ஒருத்தி கொழும்பில் அதே கணக்கில் கிழங்கை அவித்தால் அது குழைந்துபோகும். கேக்கிலும் இந்த வேறுபாடு உண்டு: உயரமான இடத்தில் மா வேகமாகப் பொங்கி அமிழ்ந்துவிடும் என்பதால் பேக்கிங் பவுடரைக் குறைத்துப் பழகியவரின் கேக், கீழே வந்ததும் இறுகிப்போகலாம். முதல் சுற்றில் அமுதா தடுமாறுவதற்குப் பதற்றத்தையோ ஏழ்மையையோ காரணமாக்காமல் இந்தப் பௌதிகத்தைக் காரணமாக்கினால், அவளுடைய திறமைக்குக் குறைவு வராது; கடல்மட்டத்தில் சமைத்துப் பழகிய நிரோஷா அதைக் கண்டுபிடித்துச் சொல்வதும் இயல்பான முதல் நெருக்கமாக அமையும்.

உணவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, கோதுமை மாவில் தேங்காய்ப்பூச் சேர்த்துச் சுட்ட ரொட்டியும் கட்டாச் சம்பலும் கட்டாயம் நினைவுக்கு வரும். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். லீக்ஸ், கோவா, போஞ்சி, நோக்கோல் என்று மலைநாட்டு மரக்கறிகளைக்கொண்டு அவள் புதிதாக ஏதேனும் செய்யட்டும். இத்தகைய நிகழ்ச்சிகளுக்குக் கண்ணீர்க் கதைகள் மிகவும் பிடிக்கும். கொழுந்து பறிக்கும் தாயின் கைகளைப் பற்றிப் பேசுமாறு தயாரிப்பாளர் அவளை நிச்சயம் தூண்டுவார். அவள் மறுக்கும் காட்சியை எழுதுங்கள். என் பார்வையில், தாயின் உழைப்பை விற்க மறுப்பதும் காதலைக் கமெராவுக்குத் தர மறுப்பதும் ஒரே பிடிவாதத்தின் இரு பக்கங்கள். நாவலின் முதுகெலும்பும் அதுதான்.

கதை நிகழும் ஆண்டைத் தீர்மானிக்காமல் தொடங்காதீர்கள், ஏனெனில் சட்டம் பின்னணியில் நிற்கிறது. இலங்கையின் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள, தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு, 1995 திருத்தத்தின் பின் பெண்களையும் உள்ளடக்கியது. தன்பாலீர்ப்பைக் குற்றமற்றதாக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் சட்டத்தை மாற்றிவிடவில்லை, மாற்றுவதற்குத் தடையில்லை என்று மட்டுமே சொன்னது. எனினும் நீதிமன்றக் காட்சி எதுவும் தேவைப்படாது. சக போட்டியாளர் ஒருவர் கையில் வைத்திருக்கும் இருவரின் புகைப்படம், ஊரில் பேச்சு எழுந்தால் தங்கையின் கல்யாணம் என்னாகும் என்ற கணக்கு, இவையே இந்தக் கதையில் சட்டம் தொடும் இடங்கள். பழிவாங்கலையும் சாவையும் தவிர்த்துவிடுங்கள். காதல் நாவலைக் கையிலெடுப்பவர் இருவரும் சேர்வார்கள் என்ற உறுதியோடு வாசிக்கிறார்; தன்பாலீர்ப்பாளர்களின் கதை என்பதற்காக அந்த உறுதியை முறிப்பது நியாயமில்லை.

வெற்றி யாருக்கு என்பது கடைசிச் சிக்கல். இறுதிச் சுற்றில் இருவரையும் மோதவிடுவது எளிது, அதனாலேயே சலிப்பூட்டுவது. நிரோஷாவை மூன்றில் இரண்டு பங்கு கதை கடந்ததும் வெளியேற்றிவிடுங்கள். போட்டியிலிருந்து விடுபட்டாலும், ஒளிபரப்பு முடியும்வரை எதையும் வெளியே சொல்லக்கூடாது என்ற ஒப்பந்தம் அவளைக் கட்டிப்போடுகிறது. இறுதிச் சுற்றில் அமுதா வெல்லலாம், இரண்டாவதாகவும் வரலாம். அந்த முடிவைச் சுருக்கமாகவே எழுதுங்கள். உண்மையான உச்சக்கட்டம் சில மாதங்கள் கழித்து வருகிறது: நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் இரவில் அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாரும் அமுதாவின் வீட்டுத் தொலைக்காட்சி முன் கூடியிருக்கிறார்கள், படத்தொகுப்பாளர் எதை வெட்டினார், எதை விட்டுவைத்தார் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிகிறது. அந்த உப்புக் கிண்ணக் காட்சி அங்கே வரட்டும். அதைத் தாய் மட்டும் கவனிக்கட்டும். அவர் உடனே பேச வேண்டுமா, மறுநாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வழியில் பேச வேண்டுமா என்பதை, நீங்கள் படைத்த தாயைப் பொறுத்து முடிவுசெய்யுங்கள். ஆனால் பேசவைத்துவிடுங்கள், மௌனத்தில் தப்பவிடாதீர்கள்.