வேலை மாறும்போது ஒரு தட்டு: நேரக் கணக்குக்கு நானே செய்துகொண்ட கருவி

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். வீட்டிலிருந்தே செய்கிறேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால், நவம்பர் பிறந்தாலே பதிப்பகங்களிலிருந்து கோப்புகள் வரிசைகட்டி வரும். "எப்போ முடியும்?" என்று கேட்பவர்களுக்குக் குத்துமதிப்பாக இல்லாமல் கணக்குப் பார்த்துப் பதில் சொல்லத்தான் இதைச் செய்தேன். கூகுள் கணக்கு ஒன்று போதும். செலவு இல்லை, நிரல் எழுதவும் வேண்டாம்.

நேரம் குறிக்கும் செயலிகள் பலவற்றில் தொடங்க ஒரு பொத்தான், நிறுத்த ஒரு பொத்தான். நிறுத்துவதைத்தான் எல்லாரும் மறப்போம். ஆனால் அடுத்த வேலை தொடங்கிய நேரமே முந்தையது முடிந்த நேரம். ஆகவே தொடக்கத்தை மட்டும் குறித்தால் போதும்.

கூகுள் ஃபார்ம்ஸில் புதுப் படிவம் திறந்து ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: "இப்போது என்ன?" விடைகள் மல்டிபிள் சாய்ஸாக இருக்கட்டும். என்னுடையவை: வடிவமைப்பு, திருத்தம், அட்டை, ஃபோன், வீட்டு வேலை, நிறுத்தம். கடைசியை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு எழும்போதும் இரவு கணினியை மூடும்போதும் அதைத் தட்டாவிட்டால், தூங்கிய நேரமெல்லாம் திருத்தக் கணக்கில் ஏறிவிடும். விடைகள் ஏழுக்கு மேல் போக வேண்டாம். திரையை நகர்த்தித் தேட வேண்டியிருந்தால் நாளடைவில் கை சலித்துவிடும்.

படிவத்தின் இணைப்பை ஃபோனில் குரோமில் திறந்து, மூன்று புள்ளி மெனு வழியாக முகப்புத் திரையில் சேர்த்துவிடுங்கள். இனி வேலை மாறும்போதெல்லாம் திறப்பது, தேர்வது, அனுப்புவது. நேரம் தானாகப் பதிவாகும்.

படிவத்தின் பதில்கள் பகுதியிலிருந்து கூகுள் ஷீட்ஸை இணையுங்கள். முதல் காரியமாக ஷீட்டின் அமைப்புகளில் இந்திய நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையாக ஒரு பதிவு போடுங்கள். பதில்கள் விழும் தாளிலேயே சூத்திரம் எழுத வேண்டாம். ஒவ்வொரு பதிலும் புது வரிசையாக நுழைவதால் பக்கத்திலுள்ள சூத்திரம் அதற்கு வராது. இரண்டாவது தாள் ஒன்று திறந்து, வரிசைப்படுத்தும் சார்ட் (SORT) சூத்திரத்தால் நேரத்தையும் விடையையும் நேர வரிசையில் இழுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பத்தியில் (நெடுவரிசையில்), அடுத்த வரிசையின் நேரத்திலிருந்து இந்த வரிசையின் நேரத்தைக் கழியுங்கள். அடுத்தது காலியாக இருந்தால் இதுவும் காலியாக இருக்கும்படி இஃப் (IF) சூத்திரம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பத்திக்கு டியூரேஷன் (கால அளவு) வடிவம் கொடுப்பது முக்கியம். சாதாரண நேர வடிவத்தில் 26 மணி நேரக் கூட்டுத்தொகை 2 மணி என்று காட்டும்.

எப்போதாவது தட்ட மறந்து, தாமதமாகத் தட்டினால், பதில்கள் தாளில் அந்த வரிசையின் நேரத்தைக் கையாலேயே மாற்றலாம்.

பிறகு ஒரு பிவட் டேபிள், அதாவது பதிவுகளை வகைவாரியாகக் கூட்டிக் காட்டும் அட்டவணை. வரிசையில் வேலை, மதிப்பில் நேரத்தின் கூட்டுத்தொகை. 'நிறுத்தம்' மட்டும் வடிகட்டி நீக்கப்பட வேண்டும். பலரும் இதோடு நின்றுவிடுவார்கள். கூடவே எண்ணிக்கையையும் சேருங்கள் என்பேன். கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலையில் ஒரே மூச்சில் சராசரியாக எவ்வளவு நேரம் உட்கார்கிறோம் என்பது கிடைக்கும். எனக்கு மாற்றத்தைக் கொண்டுவந்த எண் அதுதான். திருத்தத்துக்கான மொத்த நேரம் நியாயமாகவே இருந்தது. ஆனால் அது சின்னச் சின்னத் துண்டுகளாகச் சிதறி, ஒவ்வொரு துண்டும் வடிவமைப்பை நடுவில் வெட்டியிருந்தது. வாட்ஸப்பில் ஒற்றைப் பிழையாக வந்த திருத்தங்கள். இப்போது அத்தியாயம் அத்தியாயமாகத்தான் மெய்ப்பு வாங்குகிறேன், மாலையில் மொத்தமாகப் போடுகிறேன். பதிப்பகத்தாரும் இதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்.

நாள் சொல்வதற்கு இன்னொரு கணக்கு. படிவத்தில் நூல் பெயருக்கென்று சிறு கேள்வி ஒன்றைக் கட்டாயமில்லாமல் சேர்த்து, மூன்றாம் பத்தியிலிருந்த கழித்தலை நான்காம் பத்திக்கு நகர்த்திவிட்டு, அந்தப் பத்தியையும் சார்ட் சூத்திரத்துக்குள் கொண்டுவாருங்கள். ஷீட்ஸ் நேரத்தை நாள் கணக்கில் வைப்பதால், ஒரு நூலுக்கான மொத்த நேரத்தை 1440ஆல் (ஒரு நாளின் நிமிடங்கள்) பெருக்கினால் நிமிடம். பக்க எண்ணிக்கையால் வகுத்தால் பக்கத்துக்கான நிமிடம். கவிதை, நாவல், அட்டவணை நிறைந்த பாடநூல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்; வகைக்கு ஒன்றாக மூன்று எண் வைத்துக்கொள்ளுங்கள்.