ஆக்சஸில் பில் ஃபார்ம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைக் கணக்குக்காக மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைக் கற்கத் தொடங்கியவர்கள் தங்கள் ஃபைல்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். முகங்கள்தான் மாறுகின்றன, தவறுகள் அதேதான். பிரைமரி கீ இல்லை, ஃபீல்டு (டேபிளின் நெடுவரிசை) பெயரில் இடைவெளி என்பதையெல்லாம் எந்தப் பாடத்திலும் படித்துக்கொள்ளலாம். காசு போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பணத்துக்கு டபுள்

பண ஃபீல்டின் டேட்டா டைப்பாக டபுள் வேண்டாம். கரன்சி என்று வையுங்கள்.

இன்றைய ரேட்டில் பழைய பில்

"கணக்குப் போட்டு எடுக்க முடிந்ததை டேபிளில் சேமிக்காதே" என்று ஆரம்பத்திலேயே சொல்லித் தருகிறார்கள். சரியான விதிதான். அதையே பிடித்துக்கொண்டு, பில் டேபிளில் சரக்கின் எண்ணையும் அளவையும் மட்டும் வைத்துவிடுகிறார்கள். விலையையும் வரி விகிதத்தையும் ஃபார்ம் ஒவ்வொரு முறையும் சரக்கு டேபிளிலிருந்து எடுத்துப் பெருக்குகிறது. ரேட் மாறும் நாள் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும்.

ஒரு சிமெண்ட் கடையில் இதைப் பார்த்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பில் போடும் தம்பி சரக்கு டேபிளில் 28-ஐ அழித்துவிட்டு 18 என்று போட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மூட்டை 300 ரூபாய் வீதம் 50 மூட்டைக்கு ஆகஸ்டில் போட்ட பில்லைத் திறந்தால், 4,200 ரூபாய் வரி 2,700 ஆகிவிட்டிருக்கிறது. வாங்கியவர் கையில் உள்ள பில்லில் 19,200, திரையில் 17,700. ரிட்டர்னில் போனதோ பழைய தொகை. ஆடிட்டரிடம் காட்ட அச்சடித்த நகல்களை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது. பிழைச் செய்தி ஒன்றுகூட வராமல் பழைய பில்கள் எல்லாம் மாறிப்போகின்றன. இத்தனை பேருக்குச் சொன்ன பிறகும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

விற்ற அன்றைய விலையை இன்று கணக்குப் போட்டு எடுக்க முடியாது. அதைச் சேமித்தே ஆக வேண்டும். ஆக்சஸோடு வரும் நார்த்விண்ட் மாதிரி டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள்: விலை ப்ராடக்ட்ஸ் டேபிளிலும் உண்டு, ஆர்டர் டீட்டெய்ல்ஸ் டேபிளிலும் உண்டு. சரக்கைத் தேர்ந்தெடுக்கும் காம்போ பாக்ஸின் ஆஃப்டர் அப்டேட்டில் (தேர்ந்தெடுத்ததும் ஓடும் நிகழ்வில்), அன்றைய விலையும் வரி விகிதமும் பில் டேபிளில் பதிவாகும்படி செய்யுங்கள். பெருக்கலை மட்டும் ஃபார்முலாவிடம் விடுங்கள்.

2010 பதிப்பு முதல் டேபிளுக்குள்ளேயே கால்குலேட்டட் ஃபீல்டு (தானே கணக்குப் போடும் ஃபீல்டு) வைக்கலாம். அது தன் டேபிளைத் தாண்டி எட்டிப் பார்க்காது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் அதுதான் காவல்.

டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் ஃபீல்டுக்கும் ஒரே பெயர்

'தொகை' ஃபீல்டை ஃபார்மில் இழுத்துப் போட்டால் டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் அதே பெயர் வந்துவிடும். பிறகு அதன் கன்ட்ரோல் சோர்ஸை (பாக்ஸ் எதைக் காட்ட வேண்டும் என்ற அமைப்பை) =[தொகை]*1.18 என்று மாற்றினால், தன்னையே தேடிக்கொண்டு எரர் காட்டும். பாக்ஸின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

காலி என்றால் பூஜ்யம் அல்ல

தள்ளுபடி காலியாக இருந்தால் மொத்தமும் காலி. காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் என்இசட் (Nz) ஃபங்ஷனில் தள்ளுபடியைப் போடுங்கள்.

ஃபுட்டரில் கூட்டுத்தொகை

ஃபார்மின் ஃபுட்டரில் (அடிப்பகுதியில்), கணக்குப் போடும் டெக்ஸ்ட் பாக்ஸின் பெயரைக் கூட்டும் ஃபங்ஷனான சம்முக்குள் (Sum) எழுதினால் எரர் வரும். [அளவு]*[விலை] என்ற பெருக்கலையே உள்ளே எழுதுங்கள்.

தேதி

பழைய பில்களில் வரி விகிதத்தை நிரப்ப அப்டேட் க்வெரியை எஸ்க்யூஎல்லில் (க்வெரி எழுதும் மொழியில்) எழுதுகிறவர்கள் கவனிக்க: #05/06/2025# என்றால் ஆக்சஸுக்கு மே 6, ஜூன் 5 அல்ல. ஓட்டும் முன் ஃபைலை நகல் எடுத்து வையுங்கள்; அப்டேட் ஓடி முடிந்துவிட்டால் பழைய எண்கள் திரும்பக் கிடைக்காது.